ஊர் ஊராக மாறி ஆடும் ஐஸ் ஹொக்கி டிஃபென்ஸ்காரர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடா, சுவிஸ், இங்கிலாந்து என்று போய்க் குடியேறிய சொந்தங்களின் பிள்ளைகள் ஐஸ் ஹொக்கி ஆடத் தொடங்கியதிலிருந்து ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் இந்த ஆட்டத்தைப் பற்றி விசாரிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். நட்சத்திர வீரர்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. "எங்க பையன் நடுத்தரமா ஆடுறான், இதை வச்சுப் பிழைக்க முடியுமா?" என்பதே எல்லோர் மனதிலும் இருக்கும் கேள்வி. அதனால் பெரிய பெயர் இல்லாமல் அணி அணியாக மாறி, பத்துப் பதினைந்து வருடம் சம்பளத்துக்கு ஆடும் டிஃபென்ஸ்காரரின் தொழிலை எடுத்துக்கொண்டோம். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறோம்.

ஐஸ் ஹொக்கின்னா நம்ம மாத்தளைப் பக்கம் ஆடுற ஹொக்கியை ஐஸ்ல ஆடுறது, அவ்வளவுதானே?

மட்டையும் கோலும்தான் பொது. மற்றதெல்லாம் வேறு. ஐஸில் பந்து கிடையாது. ஒரு அங்குலத் தடிப்பும் மூன்று அங்குல விட்டமும் உள்ள கெட்டி ரப்பர் வில்லையைத்தான் அடிக்கிறார்கள். அதன் பெயர் பக், எடை 170 கிராம் வரை. துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு முன் அதை உறைய வைப்பார்கள். களத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு பேர்: முன்வரிசையில் மூவர், டிஃபென்ஸில் இருவர், கோல் காப்பாளர் ஒருவர். வட அமெரிக்காவில் தளம் 200 அடி நீளம், 85 அடி அகலம். சுற்றிவரப் பலகையும் அதன் மேல் கண்ணாடியும் இருப்பதால் பக் பெரும்பாலும் வெளியே போகாது, பலகையில் பட்டுத் திரும்பி வரும்.

இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதி. பக் வைத்திருப்பவரை உடம்பால் மோதித் தள்ளலாம். நித்தவெலயில் ரகர் பார்த்தவர்களுக்கு அந்த மோதல் புரியும். ஆனால் இங்கே இருவருமே மணிக்கு முப்பது கிலோமீற்றருக்கு மேல் போய்க்கொண்டிருப்பார்கள். அந்த வேகத்தில் யாராலும் தொடர்ந்து நிற்க முடியாது. அதனால் நாற்பது, ஐம்பது விநாடிக்கு ஒருமுறை ஆட்கள் வாங்குக்குத் திரும்ப, அடுத்தவர்கள் இறங்குவார்கள்.

டிஃபென்ஸ்காரன் கோல்கீப்பருக்கு முன்னால நிக்கிறவன்தானே? அதுக்கு எதுக்கு ஆறு பேரு?

ஒரே நேரத்தில் இருவர்தான் ஆடுவார்கள். ஆள் மாற்றிக்கொண்டே இருப்பதால் மூன்று சோடி வேண்டும். முதல் சோடி ஒரு ஆட்டத்தில் 22 முதல் 25 நிமிடம் ஆடும். மூன்றாவது சோடிக்கு 12 முதல் 16 நிமிடம் கிடைக்கும். நாம் பேசப்போகும் ஆள் இந்த மூன்றாவது சோடியில் இருப்பார், அல்லது அதற்கும் வெளியே ஏழாவது ஆளாகக் காத்திருப்பார்.

ஜேர்னிமேன்னு சொல்றாங்களே, ஒரு இடத்துல நிலைக்காதவன்னு திட்டுறதா?

திட்டு இல்லை. தொழில் தெரிந்த கூலியாள் என்பதுதான் அந்தச் சொல்லின் பழைய பொருள். குருவிடம் கற்று முடித்தவர், சொந்தப் பட்டறை இல்லாதவர், வேலை இருக்கும் இடத்துக்குப் போய்ச் செய்து கொடுப்பவர். ஹொக்கியிலும் அதே பொருள்தான். வட அமெரிக்காவின் உச்ச லீக்கான என்.எச்.எல்லில் ஒரு பருவத்தில் 32 அணிகளிலும் யாருக்காவது காயம் படும். அந்த இடத்தில் மறுநாளே இறங்கி, பிழை விடாமல் 14 நிமிடம் ஆடிக் கொடுக்கும் ஆளுக்கு எப்போதும் தேவை இருக்கிறது.

என்.எச்.எல். வரலாற்றில் அதிக அணிகளுக்கு ஆடியவர் மைக் சிலிங்கர். அவர் ஆடிய அணிகள் 12. அவர் முன்வரிசை வீரர். டிஃபென்ஸில் சொல்வதென்றால் லூக் ஷென். 2008இல் டொரன்டோ அவரை ஐந்தாவது ஆளாகத் தெரிவு செய்தது, அதாவது நட்சத்திரமாக வருவார் என்று எதிர்பார்த்தது. பிறகு அணி அணியாக மாறி, 2018–19இல் கீழ் லீக்குக்கே இறங்கினார். அதன்பின் டெம்பா பே அணியில் சேர்ந்து 2020, 2021 இரண்டு வருடமும் என்.எச்.எல்லின் உச்சப் பரிசான ஸ்டான்லி கிண்ணம் வென்றார். அவரை நிலைக்காதவர் என்று எப்படிச் சொல்வது?

மேல் லீக், கீழ் லீக்னு எத்தனைதான் இருக்கு?

வட அமெரிக்காவில் மூன்று படி தெரிந்தால் போதும். உச்சியில் என்.எச்.எல்., 32 அணிகள். அடுத்து ஏ.எச்.எல்., அங்கேயும் 32. ஒவ்வொரு மேல் அணிக்கும் ஒரு ஏ.எச்.எல். அணி துணை. டொரன்டோவில் இருக்கும் சொந்தக்காரர்கள் 'மார்லீஸ்' என்று சொன்னால் அது மேப்பிள் லீஃப்ஸின் துணை அணி. மூன்றாவது ஈ.சி.எச்.எல். அங்கே சம்பளம் வாரக் கணக்கு, தங்குமிடத்தை அணி கொடுக்கும்.

மேல் அணி ஒன்று பருவத்தின்போது 23 பேரைத்தான் வைத்திருக்கலாம். ஆனால் 50 பேர் வரை ஒப்பந்தம் செய்யலாம். மிச்சமுள்ளவர்கள் கீழே ஆடிக்கொண்டு அழைப்புக்குக் காத்திருப்பார்கள். இந்த 23க்கும் 50க்கும் இடையில்தான் நம் ஆளின் வாழ்க்கை ஓடுகிறது.

அக்கா மகனுக்கு 18 முடிஞ்சிருச்சு. டிராஃப்ட்ல பேர் வரலை. அவ்வளவுதானா?

இல்லை. டிராஃப்ட் என்பது மேல் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தெரிவு செய்வது. அதில் ஏழு சுற்று, மொத்தம் 224 பேர். உலகம் முழுவதிலும் உள்ள 18 வயதுப் பிள்ளைகளை அந்த 224 இடத்துக்குள் அடைக்க முடியாது. அதிலும் டிஃபென்ஸ்காரர்கள் தாமதமாகத்தான் தேறுவார்கள். உடம்பு முற்ற வேண்டும், ஆட்டத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். 24, 25 வயதில் கதவு திறப்பது வழக்கம்தான். பிரையன் ரஃபால்ஸ்கியை யாரும் தெரிவு செய்யவில்லை. சுவீடனிலும் பின்லாந்திலும் நான்கு வருடம் ஆடிவிட்டு 1999இல் நியூ ஜேர்சிக்கு வந்தார். மூன்று ஸ்டான்லி கிண்ணம் வென்றார்.

நடுத்தர வீரருக்கு இன்னும் பொருத்தமான உதாரணம் டெரிக் எங்கலண்ட். 2000ஆம் ஆண்டு ஆறாவது சுற்றில் 194ஆவது ஆளாகத் தெரிவானார். தெரிவு செய்த அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. லாஸ் வேகஸில் இருந்த ஈ.சி.எச்.எல். அணியில் ஆடினார், பிறகு ஏ.எச்.எல்லில் வருடக்கணக்கில் ஆடினார். என்.எச்.எல்லில் முதல் ஆட்டம் கிடைத்தபோது வயது 27. பிட்ஸ்பர்க், கல்கரி என்று போய், 2017இல் லாஸ் வேகஸில் புது என்.எச்.எல். அணி தொடங்கியபோது, கீழ் லீக்கில் ஆடிய அதே ஊருக்கு மேல் லீக் வீரராகத் திரும்பினார். அந்த வருடம் ஒக்டோபர் முதலாம் திகதிதான் அந்த நகரில் பெரிய துப்பாக்கிச்சூடு நடந்திருந்தது. ஒக்டோபர் 10ஆம் திகதி, அணியின் முதல் உள்ளூர் ஆட்டத்துக்கு முன் ஒலிவாங்கியைப் பிடித்து ஊருக்கு ஆறுதல் சொன்னவர் அவர். அன்று முதல் பகுதியிலேயே ஒரு கோலும் அடித்தார்.

பையன் இப்போது செய்யக்கூடியது: ஜூனியர் லீக்கில் 20 வயது வரை ஆடலாம், அல்லது அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். முன்பு ஒன்றில் ஆடினால் மற்றது அடைபட்டிருந்தது. கனடிய மேஜர் ஜூனியரில் ஆடியவரும் பல்கலைக்கழகத்தில் ஆடலாம் என்று 2025 ஓகஸ்ட் முதல் விதி மாறிவிட்டது. பட்டத்தையும் சேர்த்து எடுக்கக்கூடிய அந்த வழியைத்தான் நாங்கள் சொல்வோம்.

டூ-வே கொந்தராத்துன்னா என்ன? ஏன் ஒரே ஆளுக்கு ரெண்டு சம்பளம்?

தோட்டத்தில் நிறை காணாவிட்டால் அரைப்பேர் போடுவது தெரிந்ததுதானே. அதே வேலை, அதே ஆள், ஆனால் அன்றைய கணக்கு வேறு. டூ-வே ஒப்பந்தமும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஒரே தாளில் இரண்டு தொகை எழுதியிருக்கும். மேல் அணியில் பெயர் இருக்கும் நாளுக்கு ஒன்று, கீழ் அணியில் இருக்கும் நாளுக்கு மற்றது. ஒரு வித்தியாசம் என்னவென்றால், இங்கே நிறை காண்பது ஆளின் கையில் மட்டும் இல்லை. மேலே யாருக்காவது காயம் படவேண்டும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2025–26 பருவத்தில் என்.எச்.எல்லின் ஆகக் குறைந்த சம்பளம் 775,000 அமெரிக்க டொலர். 2026–27இல் அது 850,000. கீழ் லீக் தொகை 100,000 என்று வைத்துக்கொள்ளுங்கள், பருவத்துக்குச் சுமார் 190 நாள். மேலே ஒரு நாள் இருந்தால் 4,000 டொலருக்குச் சற்று மேல். கீழே ஒரு நாள் இருந்தால் 525 டொலர் அளவு. பத்து நாள் அழைப்பு கிடைத்தால் 40,000 டொலர். அந்தப் பத்து நாளில் ஒரு ஆட்டமும் ஆடாவிட்டாலும் சம்பளம் உண்டு, அணியின் பட்டியலில் பெயர் இருந்தால் போதும்.

கையில் வருவது இதைவிடக் குறையும். வரி, முகவர் பங்கு, லீக் பிடித்து வைக்கும் தொகை எல்லாம் போகும். ஒப்பந்தம் பேசும்போது அனுபவமுள்ளவர்கள் மேல் தொகையை விடக் கீழ்த் தொகைக்குத்தான் அதிகம் வாதாடுவார்கள். வருடத்தில் எட்டு மாதமும் அதில்தான் சமைக்க வேண்டும். 'எங்கே ஆடினாலும் இவ்வளவு நிச்சயம்' என்று ஒரு உறுதித் தொகையை எழுதி வாங்க முடிந்தால் இன்னும் நல்லது.

வேவர்ஸ்ல போட்டாங்கன்னு நியூஸ்ல வந்துச்சு. வேலையை விட்டு நீக்கிட்டாங்களா?

நீக்கவில்லை. அனுபவப்பட்ட வீரரைக் கீழ் லீக்குக்கு அனுப்ப வேண்டுமானால், அதற்கு முன் மற்ற 31 அணிகளுக்கும் 'வேண்டுமா?' என்று கேட்க வேண்டும். அதுதான் வேவர்ஸ். 24 மணிநேரம் அவகாசம். யாராவது கேட்டால் ஆள் அந்த அணிக்குப் போவார், ஒப்பந்தமும் கூடவே போகும். பல அணிகள் கேட்டால் புள்ளிப் பட்டியலில் கீழே இருப்பவருக்கு முதலிடம். யாரும் கேட்காவிட்டால் கீழே அனுப்பலாம்.

இளையவர்களுக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. 18 வயதில் ஒப்பந்தம் செய்தவருக்கு ஐந்து வருடம் அல்லது 160 ஆட்டம், எது முதலில் வருகிறதோ அதுவரை. 25 வயதில் செய்தவருக்கு ஒரே வருடம். இதனால் ஒரு அநியாயம் நடக்கிறது. இருவரும் ஒரே தரம் என்றால், கேள்வி கேட்காமல் கீழே அனுப்பக்கூடிய இளையவர்தான் போய்வருவார். மூத்தவரை அனுப்பினால் அடுத்த அணி பறித்துக்கொள்ளுமோ என்ற பயத்தில், அவரை ஆட விடாமலே மேலே வைத்திருப்பார்கள். சம்பளம் வரும், ஆட்டம் வராது. ரொன் ஹெய்ன்சி 2005இல் வேவர்ஸ் வழியாக மொன்றியலிலிருந்து கொலம்பஸுக்குப் போனவர். அதன் பிறகுதான் அவரது நீண்ட தொழில்வாழ்க்கையே தொடங்கியது. 907 ஆட்டம் ஆடிய பிறகு 2017இல் பிட்ஸ்பர்க்கோடு முதன்முதலாக பிளேஓஃப் (பருவ முடிவில் கிண்ணத்துக்காக நடக்கும் சுற்று) பார்த்தார், அந்த வருடமே கிண்ணமும் வென்றார்.

ஒப்பந்தமே இல்லாம ஆடுறாங்களாமே, பி.டி.ஓ.ன்னு?

அது கைக்காசு வேலை மாதிரி. செக்ரோலில் பெயர் இல்லை, வந்த நாளுக்குக் கூலி. ஏ.எச்.எல்லில் ஒரு தற்காலிக ஒப்பந்தம் 25 ஆட்டம் வரை செல்லும். எந்த நாளும் அணி நிறுத்தலாம். ஈ.சி.எச்.எல்லில் நன்றாக ஆடும் டிஃபென்ஸ்காரர்களுக்கு மேலே ஏற இதுதான் முக்கியமான ஏணி. என்.எச்.எல்லில் இதே பெயரில் செப்டெம்பர் முகாமுக்கு மட்டும் அழைப்பார்கள். இடம் நிச்சயமில்லை, ஆனால் 32 அணிகளின் ஆட்களும் பார்க்கும் இடம் அது. அந்த அணி எடுக்காவிட்டாலும் இன்னொன்று எடுக்கக்கூடும்.

நல்லா ஆடுறவரைக் கீழ் லீக்லயும் எடுக்க மாட்டேங்கிறாங்க. வயசா காரணம்?

வயது இல்லை, ஆட்ட எண்ணிக்கை. ஏ.எச்.எல். வீரர்களை வளர்க்கும் லீக். கோல் காப்பாளர்களைத் தவிர்த்து, ஒரு ஆட்டத்தில் இறங்கும் 18 பேரில் குறைந்தது 13 பேர் வளரும் வீரர்களாக இருக்க வேண்டும். அந்த 13இல் 12 பேர் 260 தொழில்முறை ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருக்கக் கூடாது. ஒருவருக்கு மட்டும் 320 வரை அனுமதி. ஆக மூத்தவர்களுக்கு ஐந்தே இடம், அதையும் முன்வரிசையோடு பங்கிட வேண்டும். ஈ.சி.எச்.எல்லில் மூத்தவர் நால்வர்தான்.

ஏ.எச்.எல்லில் பருவத்துக்கு 72 ஆட்டம். அப்படியானால் நாலாவது வருடத்திலேயே ஒருவர் மூத்தவராகிவிடுகிறார், வயது 25, 26தான் இருக்கும். இந்த எல்லையை நெருங்குமுன் தன்னை எதற்காவது அவசியமானவராக ஆக்கிக்கொள்ள வேண்டும். யாராவது தண்டனையில் வெளியே இருக்க, அணி ஒருவர் குறைவாக ஆடும் நேரத்தில் தடுப்பவர், இளையவரைப் பக்கத்தில் வைத்து நடத்துபவர், வலக்கைக்காரர், இப்படி ஏதாவது ஒன்று. 'பொதுவாக நல்ல ஆள்' என்பதற்கு அந்த ஐந்து இடத்தில் இடமில்லை.

மேல கூப்பிட்டுட்டு ஆட விடாம உட்கார வச்சிருக்காங்களே, அப்ப அவர் நாள் பூரா என்ன பண்றார்?

மற்றவர்களைவிட அதிகம் உழைக்கிறார். ஆட்ட நாளில் காலை பத்தரை வாக்கில் அணி இலேசாகப் பயிற்சி எடுக்கும். ஆடப்போகிறவர்கள் இருபது நிமிடத்தில் வெளியேறுவார்கள். ஏழாவது ஆள் உதவிப் பயிற்சியாளரோடு இன்னும் முப்பது, நாற்பது நிமிடம் ஐஸில் நின்று, ஆட்டத்தில் ஓடியிருக்கக்கூடிய ஓட்டத்தை அங்கேயே ஓடித் தீர்ப்பார். பிறகு உடற்பயிற்சிக் கூடம். மாலையில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் அரை மணி நேரத்தில் இறங்க வேண்டும் என்பதால் சாப்பாடும் தூக்கமும் ஆடுபவருக்கு உள்ளது போலவே.

ஒரு மாதம் ஆடாமல் இருந்தவரிடம் முதலில் கெடுவது நேரக்கணிப்பு. கால் இருக்கும், மூச்சு இருக்கும், ஆனால் எதிராளி நெருங்குவதை அரை விநாடி தாமதமாக உணர்வார். அதனால்தான் பலர் தாமாகவே "ஒரு வாரம் கீழே போய் ஆடிட்டு வர்றேன்" என்று கேட்கிறார்கள்.

கோலே அடிக்கிறதில்லை. அப்படி என்னதான் வேலை செய்றார்?

அவர் வாழ்வதும் வீழ்வதும் ஒரு இடத்தில்தான்: மூலைக்குப் போய் பக்கை எடுத்து வெளியேற்றுவது. எதிரணி பக்கை நம் பகுதியின் மூலைக்குத் தூக்கிப் போட்டுவிட்டுத் துரத்தி வருகிறது என்று வையுங்கள். டிஃபென்ஸ்காரர் திரும்பி ஓட வேண்டும், முதுகுக்குப் பின்னால் 95 கிலோ ஆள் ஒருவர் வருகிறார், கையில் இரண்டு விநாடி. பக்கைத் தொடுவதற்கு முன்பே இரண்டு முறை தோளுக்கு மேலால் திரும்பிப் பார்க்க வேண்டும், திரும்பியவுடன் ஒன்று, தொடுமுன் ஒன்று. எத்தனை பேர், எந்தத் தோள் பக்கம் என்பது மட்டும் தெரிந்தால் போதும். பலகைக்கு நேராக முட்டப் போகாமல் சாய்வாகப் போய், பக்குக்கும் துரத்துபவருக்கும் நடுவில் தன் உடம்பை வைக்க வேண்டும். ஒரு தோளை ஒரு பக்கம் சாய்த்துக் காட்டினால் துரத்துபவர் அந்தப் பக்கம் அரை அடி நகர்வார். அந்த அரை அடிதான் தப்பும் வழி.

பிறகு ஐந்தில் ஒன்று. வலைக்குப் பின்னால் சுற்றி ஓடுவது, சோடிக்காரருக்குக் குறுக்கே கொடுப்பது, வந்த மூலைக்கே திருப்பி விடுவது, பலகையோரம் நிற்கும் முன்வரிசைக்காரருக்குக் கொடுப்பது, ஒன்றும் முடியாவிட்டால் கண்ணாடியில் அடித்து நம் பகுதியின் எல்லையான நீலக்கோட்டைத் தாண்ட வைப்பது. எது சரி என்பதைச் சோடிக்காரர்தான் பார்க்கிறார், கத்திச் சொல்கிறார். புது அணிக்கு நேற்று வந்தவர் முதலில் கற்க வேண்டியது அந்த அணியின் இந்தச் சொற்களைத்தான்.

பிழை விடும் வழிகளும் தெளிவானவை. தலையைக் குனிந்து போனால் முதுகில் மோதல். நடுவே கொடுக்கப் பார்த்து எதிராளியின் மட்டையில் பட்டால் கோல். தன் பகுதியிலிருந்து அடித்த பக் நேராகக் கண்ணாடிக்கு மேலால் வெளியே போனால் இரண்டு நிமிடத் தண்டனை. நடுக்கோட்டுக்கு இப்பாலிருந்து எதிர்முனை வரை வீசினால் அது ஐசிங்: ஆட்டம் திரும்ப நம் பக்கமே தொடங்கும், களைத்த அதே ஐவரும் மாற முடியாமல் நிற்க வேண்டும். ஒரு ஆட்டத்தில் இந்த வேலை இருபது தடவை வரும். பத்தொன்பதைச் சரியாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். பெயர் அடிபடாத ஆட்டம்தான் இவருக்கு நல்ல ஆட்டம்.

ஆனா வேகமா ஒருத்தன் நேரா வந்தா எப்படி நிப்பாட்டுறார்? இவர் பின்னோக்கில்ல போறார்?

பின்னோக்கி வழுக்குபவர் முன்னோக்கி வருபவரைவிட மெதுவாகத்தான் போவார். அதனால் வேகத்தில் போட்டி போடவே கூடாது. இடைவெளியைத்தான் காக்க வேண்டும். நடுப்பகுதியில் இரண்டு மட்டை நீளம், நீலக்கோட்டில் ஒன்று. அதைவிடக் கூடினால் எதிராளி நிதானமாகக் குறிபார்ப்பார், குறைந்தால் ஒரே வெட்டில் தாண்டிப் போவார். கண் பக்கில் இருக்கக் கூடாது, நெஞ்சில் இருக்க வேண்டும். கை ஏமாற்றும், நெஞ்சு ஏமாற்றாது. மட்டை ஐஸிலேயே படிந்திருக்க, நடுவழியை உடம்பால் மறைத்து, ஆளைப் பலகைப் பக்கமாக ஒதுக்கிக்கொண்டே போவதுதான் வேலை. அங்கே கோணம் குறுகிவிடும், மீதியைக் கோல் காப்பாளர் பார்த்துக்கொள்வார்.

வலக்கைக்காரருக்குக் கிராக்கி கூடவாமே?

உண்மை. இடப்பக்க அடிக்காரர்களே, அதாவது மட்டையை உடம்பின் இடப்பக்கம் பிடித்து அடிப்பவர்களே, எண்ணிக்கையில் அதிகம். வலப்பக்கம் நிற்கும் டிஃபென்ஸ்காரர் வலப்பக்க அடிக்காரராக இருந்தால் பலகையோரம் வரும் பக்கை மட்டையின் முன்முகத்தால் வாங்கலாம். இடப்பக்க அடிக்காரர் அதே இடத்தில் பின்முகத்தால் வாங்க வேண்டும், மேலே சொன்ன இரண்டு விநாடியில் அரை விநாடி அதிலேயே போய்விடும். ஆகவே இடப்பக்க அடிக்கும் பிள்ளை இரு பக்கமும் ஆடப் பழகியிருந்தால் வேலை வாய்ப்பு இரட்டிப்பு.

சப்பாத்துக் கத்தியை அடிக்கடி தீட்டுறாங்களே, அவ்வளவு சீக்கிரம் மழுங்குமா?

கவ்வாத்துக் கத்தி மாதிரி ஒரே விளிம்பு என்று நினைக்கக் கூடாது. ஸ்கேட் அலகு சுமார் 3 மில்லிமீற்றர் தடிப்பு. நடுவே நீளவாட்டில் ஒரு குழிவு இருக்கும், இரு ஓரமும் இரண்டு விளிம்பு. குழிவின் ஆழத்தை ஒரு வட்டத்தின் ஆரத்தால் சொல்வார்கள். பலருக்கு அரை அங்குலம். ஆரம் சிறிதானால் குழிவு ஆழம், ஐஸைக் கடித்துப் பிடிக்கும், ஆனால் கால் சீக்கிரம் களைக்கும். ஐந்தெட்டில் அங்குலம் போன்ற பெரிய ஆரம் வழுக்கிக்கொண்டு போகும். எடை கூடிய டிஃபென்ஸ்காரர்களுக்கு உடம்புப் பாரமே பிடியைத் தருவதால் பலர் பெரிய ஆரத்தை விரும்புவார்கள்.

பக் பட்டோ, கோல் கம்பத்தில் உரசியோ ஒரு விளிம்பு சிதைந்தால், திரும்பும்போது அந்தக் கால் இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் உபகரணப் பொறுப்பாளர் வாங்குக்குப் பின்னால் தீட்டிய அலகுகளை வைத்திருப்பார். புதுவகைப் பிடியில் சில விநாடியில் மாற்றலாம். ஊர் மாறுபவர் தன் ஆரத்தை எழுதிக் கையில் வைத்திருப்பது நல்லது. புது ஊரில் வேறு அளவில் தீட்டிவிட்டால் முதல் ஆட்டமே கெட்டுப்போகும்.

அடிபடாதா? தாய்மார் எல்லாம் இதைத்தான் கேக்கிறாங்க.

படும். பக்கை உடம்பால் மறிப்பது இவரது கடமையில் ஒன்று. மணிக்கு 140 கிலோமீற்றருக்கு மேல் வரும் பக் பாதத்தில் பட்டால் எலும்பு உடையும். சப்பாத்தின் மேல் கெட்டிப் பிளாஸ்டிக் கவசம் போடலாம், கட்டாயம் போடுங்கள். தோள் மூட்டு, இடுப்பு, தொடை இடுக்குத் தசை மூன்றும் இந்த இடத்து வீரர்களுக்கு நாட்பட்ட தொல்லைகள். மூளை அதிர்ச்சியை மட்டும் எவரும் மறைக்கக் கூடாது. இடம் பறிபோகும் என்ற பயத்தில் ஏழாவது ஆள்தான் அதிகம் மறைப்பார், அதுதான் ஆபத்து.

கழுத்துக் கவசம் பற்றி. 2023 ஒக்டோபர் 28ஆம் திகதி இங்கிலாந்தின் ஷெஃபீல்டில், நொட்டிங்ஹாம் அணிக்கு ஆடிய அடம் ஜோன்சன் ஸ்கேட் அலகு கழுத்தில் பட்டு இறந்தார். அதன் பிறகு பிரித்தானிய உச்ச லீக் கழுத்துக் கவசத்தைக் கட்டாயமாக்கியது. உங்கள் பிள்ளையின் லீக் கேட்டாலும் கேட்காவிட்டாலும் போட்டே அனுப்புங்கள்.

சுவிஸுக்கோ ஜெர்மனிக்கோ போறது தோத்துப் போய் போறதுதானே?

27, 28 வயதில் ஏ.எச்.எல்லின் மூத்தவர் கணக்கு இறுக்கத் தொடங்கும்போது, ஐரோப்பா பெரும்பாலும் சரியான முடிவு. ஜெர்மனி, சுவிஸ் உச்ச லீக்குகளில் 52 ஆட்டம். பயணம் குறைவு, பஸ்ஸிலேயே வீடு திரும்பலாம். வீடும் காரும் அணி தருவது வழக்கம், சம்பளத்தை வரி போகக் கையில் இவ்வளவு என்றே பேசுவார்கள். தடை வெளிநாட்டவர் எண்ணிக்கையில்தான். சுவிஸில் ஒரு ஆட்டத்தில் ஆறு வெளிநாட்டவர் மட்டும். அந்த ஆறில் ஒருவர் டிஃபென்ஸ்காரர் என்றால் அவர் கோலுக்கும் உதவ வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள், வெறும் தடுப்பு போதாது.

சுவிஸிலேயே ஆடிப் பழகி வளர்ந்த பிள்ளைக்கு இந்தத் தடை இல்லை. வெளிநாட்டவர் கணக்கில் வராத நடுத்தர டிஃபென்ஸ்காரருக்கு அங்கே பத்து வருடத் தொழில் கிடைப்பது வட அமெரிக்காவைவிட எளிது. சூரிச்சிலும் பேர்னிலும் இருக்கும் சொந்தங்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பொண்டாட்டி பிள்ளை இருந்தா என்ன பண்றது?

இதுதான் கஷ்டமான பகுதி. மார்ச் மாதத் தொடக்கத்தில் வீரர் மாற்றக் கெடு. அன்று மதியம் ஒரு தொலைபேசி, மறுநாள் வேறு ஊர். பல குடும்பங்கள் பிள்ளையின் பள்ளி முடியும் வரை பழைய ஊரிலேயே தங்கிவிடும். அமெரிக்காவில் பி-1 (P-1) விளையாட்டு வீசாவில் இருக்கும் வெளிநாட்டு வீரரின் மனைவிக்கு பி-4 (P-4) வீசா. அதில் வேலை செய்ய அனுமதி இல்லை. இதைக் கல்யாணத்துக்கு முன்பே பேசிக்கொள்ள வேண்டும்.

நம்ம பக்கத்து ஆளுங்க யாராவது அந்த மேல் லீக்ல ஆடியிருக்காங்களா?

தெற்காசிய வம்சாவளியில் முதலாமவர் ரொபின் பாவா, கனடாவில் பிறந்த பஞ்சாபியர், 1989இல் வொஷிங்டனுக்கு இறங்கினார். பிறகு மனி மல்ஹோத்ரா, ஜுஜார் கைரா. மூவரும் முன்வரிசை வீரர்கள்.

நுவரெலியாவுல உறைபனி விழுதே, ஒரு ஐஸ் தளம் போட்டுப் பிள்ளைகளைப் பழக்க முடியாதா?

ஜனவரி, பெப்ரவரி விடியலில் புல்லில் வெள்ளையாகப் படிந்து கொழுந்தைக் கருக்கிவிட்டு எட்டு மணிக்குள் போய்விடும் பனி அது. ஆட்டத்துக்கு வேண்டிய ஐஸ் ஒன்று, ஒன்றேகால் அங்குலத் தடிப்பு. குளிரூட்டிய உப்புநீர் ஓடும் குழாய்களுக்கு மேல் கொங்கிரீட், அதன் மேல் மெல்லிய படை படையாகத் தண்ணீர் விட்டு உறைய வைத்து, பகல் முழுதும் பூச்சியத்துக்குக் கீழ் நான்கைந்து பாகையில் காக்க வேண்டும். நுவரெலியா 1,868 மீற்றர். இயற்கையாகக் குளம் உறைந்து ஆடும் லடாக்கின் லே நகரம் 3,500 மீற்றர். கிரகரி வாவி உறையாது.

ஆனால் விடுமுறைக்கு இங்கே வரும் பிள்ளை பயிற்சியை விட வேண்டியதில்லை. வழவழப்பான சீமெந்துத் தரையும் ஒரு மரப் பந்தும் போதும். நிமிர்ந்த தலையோடு, பந்தைப் பார்க்காமல், இடம் வலமாக இருபது நிமிடம் உருட்டச் சொல்லுங்கள். மேலே சொன்ன தோளுக்கு மேலால் பார்க்கும் பழக்கத்தைச் சுவரோரம் பழகலாம்: பின்னால் ஒருவர் நின்று விரல்களைக் காட்ட, பந்தைத் தொடுமுன் பிள்ளை எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும்.

ஹொக்கி அணியில சேர்த்து கனடா வீசா எடுத்துத் தர்றேன்னு ஒருத்தர் அஞ்சு லட்சம் கேக்கிறார். குடுக்கலாமா?

ஒரு சதமும் கொடுக்காதீர்கள். இதுவரை படித்ததில் தெரிந்திருக்கும்: கீழ் லீக்கில் தற்காலிக இடம் கிடைக்கவே ஆறேழு வயதிலிருந்து ஸ்கேட் கட்டி, ஜூனியரில் வருடக்கணக்கில் ஆடியிருக்க வேண்டும். ஐஸில் நின்றறியாத ஒருவரைச் சம்பளத்துக்கு எடுக்கும் அணி உலகில் இல்லை. தொழில்முறை அணி வீரரிடம் பதிவுப் பணம் வாங்காது. என்.எச்.எல். வீரர் சங்கத்தின் சான்று பெற்ற முகவர் ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு சம்பளத்தில் சிறு வீதம் எடுப்பார், முன்பணம் கேட்க மாட்டார். கோடைகாலப் பயிற்சி முகாம்களுக்குக் கட்டணம் உண்டு, அது உண்மை. ஆனால் முகாம் வேலை வீசா தராது.

கேட்பவர் வெளிநாட்டு வேலை முகவர் என்றால் அவருக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் உரிமம் இருக்க வேண்டும். உரிம இலக்கத்தைக் கேட்டு வாங்கி, பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்துச் சரிபாருங்கள். ஏற்கனவே கொடுத்துவிட்டீர்கள் என்றால் பற்றுச்சீட்டு, வங்கிச் சிட்டை, வாட்ஸ்அப் செய்தி எதையும் அழிக்காமல் எடுத்துக்கொண்டு பணியகத்திலும் பொலிஸிலும் முறையிடுங்கள்.